ஒரு நூல் பிசகாமல் துளையிட: முதல் டிரில் கைடு வாங்குவோருக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மன்றத்துக்கு ஒரு கேரம் ஸ்டாண்டு செய்தோம். கால்கள் இரண்டு அங்குலம், குறுக்குச் சட்டம் ஒன்றரை அங்குலம். இரண்டையும் சேர்த்துத் துளை போட்டு 8 மி.மீ. போல்ட் செருகி நட்டுப் போட்டு முறுக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். குறி வைத்த இடத்தில்தான் டிரில்லை வைத்தேன். பிட் மறுபக்கம் வெளியே வந்தபோது, வரவேண்டிய இடத்துக்கு ஒன்றரை நூல் தள்ளி வந்தது. அடுத்த துளை வேறு பக்கம் சாய்ந்தது. போல்ட்டைச் சுத்தியால் தட்டித்தான் ஏற்ற முடிந்தது. ஏற்றிய பிறகு கால்கள் முறுக்கிக்கொண்டன, ஒரு கால் தரையில் பாவவே இல்லை. கேரம் என்றால் உயிரை விடும் ஊர் இது. ஆடுகிற ஸ்டாண்டை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

கணக்குப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டிரில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், 100 மி.மீ. ஆழத்தில் பிட்டின் முனை 1.75 மி.மீ. விலகிவிடும். என் மரம் இரண்டும் சேர்ந்து 88 மி.மீ. கனம். மூன்று டிகிரி சாய்ந்தால் 4.6 மி.மீ. பிசகு. நூல் கணக்கில் சொன்னால், அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக ஒன்றரை நூல்தான். கையால் பிடித்துப் போடும்போது மூன்று டிகிரி சாய்வது புதியவர்களுக்குச் சாதாரணம். இதே சாய்வு 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது, அங்கே யாரும் கவனிக்கவே மாட்டார்கள். கனமான மரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955இல் பெரம்பூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து வடசென்னையில் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. அவர் நான் துளை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ மிஷினுக்குப் பின்னாடி நின்னு பாக்கற தம்பி. இடதோ வலதோ சாஞ்சா உனக்குத் தெரியும். உன் பக்கமா சாஞ்சாலும் அந்தப் பக்கமா சாஞ்சாலும் உன் கண்ணுக்கு ஒண்ணுதான்.” டிரில் கைடு என்ற கருவி எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வை அது பிடித்துக்கொள்கிறது.

மேஜை டிரில் மெஷின் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, உண்மைதான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில், மூன்றாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டில், அந்தக் கனத்தை எங்கே வைப்பது? மாட்டிய கதவையும் தெருவில் நிற்கிற கேட்டையும் அதன் அடியில் கொண்டுபோய் வைக்கவும் முடியாது. அதனால்தான் கையோடு எடுத்துப்போகும் கைடு நம்மைப் போன்றவர்களுக்குத் தேவைப்படுகிறது.

கடைக்குப் போகும் முன்

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எதில் துளை போடப் போகிறீர்கள்: மரமா, பிளைவுட்டா, இரும்பா, ரவுண்ட் பைப்பா? எவ்வளவு கனம்? எந்த அளவுத் துளை? மொத்தம் எத்தனை? அப்புறம் முக்கியமான கேள்வி: அந்தப் பொருளைப் படுக்க வைக்க முடியுமா, இல்லை நின்ற நிலையிலேயே போட வேண்டுமா? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும்.

சுவரில் ஃபேன் கொக்கி, அலமாரி மாட்ட மட்டும்தான் டிரில் வைத்திருக்கிறீர்கள் என்றால் கைடு வேண்டாம். சுவருக்கு ஹாமர், அதாவது தட்டிக்கொண்டே சுழலும் முறை, போட்டுத்தான் துளைப்போம். அந்த அதிர்வும் செங்கல் தூளும் கைடின் புஷ்களை, அதாவது உள்வளையங்களை, தின்றுவிடும். பிளக் ஏறும் துளை ஒரு டிகிரி சாய்ந்தால் குடியும் முழுகிவிடாது.

கட்டை கைடா, கம்பி கைடா

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பம். முதலாவது கட்டை கைடு. கையளவு இரும்புக் கட்டையில் 4, 5, 6, 8, 10 மி.மீ. என்று நேர்த்துளைகள் இருக்கும். வேலை மீது அதை வைத்து, துளை வழியே பிட்டை விடுகிறீர்கள். பிட் சாய வழியே இல்லை. நல்ல கட்டையில் அடிப்பக்கம் ஒரு ‘வி’ பள்ளம் இருக்கும், அதை ரவுண்ட் பைப் மீது வைத்தால் தானாக நடுவில் உட்காரும். கேட், கிரில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு பள்ளத்துக்காகவே வாங்கலாம். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், எந்த டிரில்லோடும் பயன்படும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

குறை என்ன? அதில் இருக்கிற அளவுகள்தான் அளவு. 7 மி.மீ. வேண்டுமென்றால் இல்லை. அது போக, கட்டையின் உயரம் பிட்டின் நீளத்தை விழுங்கிவிடும். சாதாரண 8 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் முழு நீளமே 117 மி.மீ.தான். அதில் இரண்டரை சென்டிமீட்டர் போல டிரில் சக்குக்குள், அதாவது பிட்டைக் கவ்வும் வாய்க்குள், போய்விடும். கட்டை 40 மி.மீ. உயரம் என்றால் வேலைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 50 மி.மீ. என் கேரம் ஸ்டாண்டின் 88 மி.மீ. மரத்துக்கு அது எட்டாது. இதற்கு ஒரு வழி உண்டு. கட்டையை வைத்து எட்டும் வரை போடுங்கள், பிறகு கட்டையை எடுத்துவிட்டு அதே துளையில் தொடருங்கள். ஏற்கெனவே நேராக விழுந்த துளையே மீதி ஆழத்துக்கு வழிகாட்டும். கட்டை இல்லாமல் மிஞ்சுவது 90 மி.மீ. அளவுதான் என்பதால் 88 மி.மீ.க்கு அது நூலிழையில்தான் எட்டும். கடையில் ‘லாங் சீரிஸ்’ பிட் என்று கேட்டு வாங்கினால் இன்னும் நிம்மதி. 8 மி.மீ.யில் அது 165 மி.மீ. நீளம் வரும்.

இரண்டாவது கம்பி கைடு. அடியில் ஒரு தட்டு, அதில் செங்குத்தாக இரண்டு கம்பிகள், கம்பிகளின் மேல் ஏறி இறங்கும் ஒரு வண்டி. டிரில்லை அழுத்தினால் வண்டி நேராக இறங்கும். சக் பிடிக்கும் எந்த அளவு பிட்டும் போடலாம், ஆழத்துக்கு ஸ்டாப்பர் உண்டு, பெரும்பாலான மாடல்களில் 45 டிகிரி வரை சாய்த்தும் போடலாம். விலை ஆயிரங்களுக்குப் போகும்.

இதில் உங்கள் டிரில்லோடு அது எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். சில கைடுகளில் அதற்கென்றே ஒரு சக் இருக்கும். அதன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை உங்கள் டிரில் சக்கில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி டிரில்லோ, கரண்ட் டிரில்லோ, எதுவும் ஒத்துவரும். வேறு சிலவற்றில் டிரில்லின் சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மரையில் கைடை ஏற்ற வேண்டும். அப்போது மரை அளவு ஒத்துப்போக வேண்டும். சக்கின் தாடைகளைத் திறந்தால் உள்ளே ஒரு திருகாணி இருந்தால் அது இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் முறுக்கினால் தலை மழுங்கிப் போகும். மூன்றாவது வகை டிரில்லின் கழுத்தை, அதாவது சக்குக்குப் பின்னால் உள்ள உருண்டைப் பகுதியை, பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டு. பெரும்பாலும் 43 மி.மீ. கழுத்துக்குச் செய்யப்பட்டது, பேட்டரி டிரில்களில் பலவற்றுக்கு அந்தக் கழுத்தே கிடையாது. வெர்னியர் அளவுகோலால் உங்கள் டிரில்லை அளந்து எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். டிரில்லையே பையில் போட்டு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

டவல் ஜிக், பாக்கெட் ஹோல் ஜிக் என்றும் கடையில் காட்டுவார்கள். பலகையின் விளிம்பில் மர ஆணிக்குத் துளை போட முதலாவது, சாய்வாகத் திருகாணி போட்டுச் சட்டம் இணைக்க இரண்டாவது. அலமாரி செய்கிற ஆசாரிக்கு இரண்டுமே பொன். முதல் கைடாக இவற்றை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

என் தீர்ப்பு இது. துளைகள் 10 மி.மீ.க்குள், அளவுகள் இரண்டு மூன்றுக்குள் என்றால் கட்டை கைடே போதும். துளை ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும், அல்லது அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்ச் கீலுக்கு 35 மி.மீ. குழி தோண்ட வேண்டும் என்றால் கம்பி கைடுக்குப் போங்கள். “எல்லாத்துக்கும் ஆகும்” என்று விற்கப்படும் லேசான பிளாஸ்டிக் தட்டுக் கம்பி கைடைவிட, கனமான கட்டை கைடு எந்நாளும் மேல்.

கடைக் கண்ணாடி மேஜையில் ஒரு சோதனை

பிராட்வே, செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கம் போனால் டூல்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். ஆனாலும் முதல் கைடைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்தக் கருவியின் தரம் பெட்டியின் மேல் எழுதியிருப்பதில் இல்லை.

போகும்போது ஒரு சிறிய மூலைமட்டமும், ஒரு சாண் நீளத்தில் நேரான 8 மி.மீ. பளபளப்புக் கம்பி ஒன்றும் எடுத்துப் போங்கள். மூலைமட்டமே சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கோடு போடுங்கள், மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் மறுபடி போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி.

கடையில் கைடைக் கண்ணாடி மேஜை மீது வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியை விடச் சமமான பரப்பு அங்கே கிடைக்காது. கைடின் சக்கில் உங்கள் கம்பியைப் பிடித்து, மூலைமட்டத்தைக் கம்பியோடு ஒட்டி நிறுத்துங்கள். குனிந்து, வெளிச்சம் எதிரே இருக்கும்படி, கம்பிக்கும் மட்டத்துக்கும் நடுவே பாருங்கள். இடைவெளியே தெரியாவிட்டால் நல்லது. கீழே ஒட்டி மேலே விலகியோ, மேலே ஒட்டிக் கீழே விலகியோ ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தால் சாய்வு இருக்கிறது. 100 மி.மீ. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் கீற்று தெரிந்தால் அரை டிகிரிக்குச் சற்று மேல் என்று அர்த்தம். மர வேலைக்குப் பாதி மில்லிமீட்டர் வரை நான் விட்டுவிடுவேன், அதற்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில் ஒருமுறை, முன்பக்கத்திலிருந்து ஒருமுறை, இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும்.

கீற்று தெரிந்தால் உடனே கைடைக் குறை சொல்லாதீர்கள். சக்கைக் கையால் அரைச் சுற்று திருப்புங்கள். கீற்று இடம் மாறி எதிர்ப்பக்கச் சாய்வாகக் காட்டினால் கோளாறு கம்பியிலோ சக்கிலோ இருக்கிறது. கீற்று அப்படியே நின்றால் கைடின் சட்டமே கோணல். இந்தச் சோதனையை எதிர்வீட்டுப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். கடைக்காரர் இரண்டாவது பெட்டியைத் தானாகவே பிரித்துக் கொடுத்தது அதைப் பார்த்த பிறகுதான்.

அப்புறம் வண்டியைப் பாதி உயரத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று விரலுக்கு உறைத்தால் புஷ் தளர்வு. வண்டி மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இறங்க வேண்டும், நடுவில் திக்கினால் கம்பிகள் இணையாக இல்லை. டிகிரி அளவுள்ள மாடலில் பூஜ்யத்துக்கு நேரே முள் நிற்பதால் மட்டும் அது நேர் ஆகிவிடாது. பூஜ்யத்தையும் மூலைமட்டத்தால்தான் உறுதி செய்ய வேண்டும்.

கட்டை கைடுக்குச் சோதனை எளிது. உங்கள் 8 மி.மீ. பிட்டை அதன் 8 மி.மீ. துளையில் விடுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், கடகடவென்று ஆடக் கூடாது.

கையில் காசு இல்லையா, வேறு வழி உண்டு. தெரிந்த லேத் பட்டறையில் ஒரு துண்டு இரும்புக் கட்டையைக் கொடுத்து, உங்களுக்குத் தேவையான இரண்டு அளவில் மட்டும் மேஜை டிரில்லில் நேராகத் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். அதுவே கட்டை கைடு. மெல்ல மெல்லத் தேயும், ஆனால் ஒரு வீட்டு வேலைக்குத் தாராளமாகத் தாங்கும். தேக்குக் கட்டையில் போட்டால் சில பத்துத் துளைகளுக்குள் வாய் அகன்றுவிடும்.

முதல் துளை

நேரே நல்ல மரத்துக்குப் போகாதீர்கள், கழிவுக் கட்டையில் நான்கு துளை போட்டுக் கை பழகட்டும்.

குறி வைக்கும்போது ஒரு புள்ளியோடு நிறுத்தாதீர்கள். கைடை வைத்ததும் அந்தப் புள்ளி தட்டுக்கு அடியில் மறைந்துவிடும். அதனால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு, நான்கு பக்கமும் தட்டைத் தாண்டி வெளியே தெரியும்படி நீட்டுங்கள். நல்ல கைடின் தட்டு விளிம்பில் நான்கு நடுக்கீறல்கள் இருக்கும், அவை உங்கள் கோடுகளின் மேல் உட்கார வேண்டும். கீறல் இல்லாத கைடு என்றால், ஒரு பலகையில் துளை போட்டு, அந்தத் துளையின் நடுவிலிருந்து கோடு இழுத்து நீங்களே தட்டில் கீறிக்கொள்ளலாம். கைடு வாங்கியும் துளை தள்ளிப்போகிறது என்று புலம்புகிற பலர் இந்தக் கோட்டை நீட்டாதவர்கள்தான். கைடு சாய்வைத் திருத்தும். இடத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

இரும்பு என்றால் சென்டர் பஞ்ச் அடித்து ஒரு சிறு பள்ளம் போடுவது கட்டாயம். மரத்தில் ஓர் ஆணி முனையால் குத்தினால் போதும். நடுவில் கூர்முனை உள்ள மர பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேம்பு, தேக்கு போன்ற மரங்களில் கணுவுக்கு அருகே சாதாரண பிட் வழுக்கி ஓடும், கூர்முனை அதை நிறுத்தும்.

அடுத்து, கைடைக் கையால் அமுக்கிப் பிடிக்காமல் ஒரு சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கை டிரில்லில், ஒரு கை கைடில் என்று நின்றால் பிட் கடிக்கும்போது தட்டு நகரும். மரத்துக்கு அடியில் ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்துப் பிடித்தால் மறுபக்கம் சிலாம்பு பெயராது.

ஹாமர் குறியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரில் குறிக்கு மாற்றுங்கள். 8 மி.மீ. துளைக்கு முன்னால் 3 மி.மீ. பிட்டால் ஒரு வழித்துளை போடுவது நல்லது, கைடை அசைக்காமலே பிட்டை மட்டும் மாற்றுங்கள். டிரில்லை ஓட விட்டு, அப்புறம் இறக்குங்கள். ஒரு விரற்கடை இறங்கியதும் மேலே எடுத்துத் தூளைக் கொட்டவிட்டு மறுபடி இறக்குங்கள். தூள் அடைத்துக்கொண்டால் பிட் சூடேறும், மரம் கருகும் வாசனை வரும். அது அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. இரும்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்துப் போடுங்கள். மறுபக்கம் வெளியே வரும் தறுவாயில்தான் பிட் திடீரென்று கடித்து மணிக்கட்டை முறுக்கும். அந்தக் கடைசி இரண்டு மில்லிமீட்டரில் அழுத்தவே வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கையுறை போடாதீர்கள். சுழலும் பிட் துணியைச் சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

ஆட்டோ ஹிஞ்ச் குழிக்கு ஒரு எச்சரிக்கை. குழியின் ஆழம் சுமார் 12 மி.மீ., கதவு 18 மி.மீ. ஆனால் அந்த 35 மி.மீ. பிட்டின் நடுமுனை வெட்டும் வாயைவிடச் சில மில்லிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாப்பரை முனையிலிருந்து அளந்தால் குழி ஆழம் போதாது, கண் மதிப்பில் இறக்கினால் கதவின் முன்முகத்தில் ஓட்டை விழும். வெட்டும் வாயிலிருந்து அளந்து ஸ்டாப்பரை இறுக்கி, கழிவுத் துண்டில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுக் கதவுக்கு வாருங்கள்.

கேரம் ஸ்டாண்டை இரண்டாம் முறை செய்தபோது பட்டறைக் கட்டையும் லாங் சீரிஸ் பிட்டும்தான் பயன்படுத்தினேன். எட்டுத் துளை. போல்ட்டைத் துளையின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினேன், மறுபக்கம் மரை எட்டிப் பார்த்தது. சுத்தியைத் தேடவே இல்லை.

ஒன்று பாக்கி. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இரும்பின் எதிரி உப்புக்காற்று. கம்பி கைடின் கம்பிகளில் ஒரு புள்ளி துரு பிடித்தாலும் வண்டி திக்கும், புஷ் தேயும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுக் கம்பிகளில் லேசாகப் பூசி, துணி சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு வைக்காமல் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். அடுத்த வேலைக்கு எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மரத்தின் மேல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்கு ஊறிய இடத்தில் பாலிஷ் பிடிக்காது.